பதினான்கு கேள்விகளும் ஐந்து கைமணிகளும்

அந்த யோசனை எனக்கு வந்தது ஐ-35 ஃப்ரீவேயில், ரவுண்ட் ராக்கிலிருந்து ஆஸ்டினுக்கு ஆபீஸ் போகும் வழியில், நகராமல் நின்ற காருக்குள். காலை எட்டேகால். பக்கத்தில், அதே ஆபீஸில் வேலை செய்யும் என் தோழி மீனா மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய மீட்டிங்குக்கு ஏதோ திருத்திக்கொண்டிருந்தாள். ரேடியோவில் ஒரு பாட்டின் கடைசிப் பகுதி. கிதார், பெண் குரல், இங்கிலாந்துக்காரர்களின் உச்சரிப்பு. நாலு வரிகூட இருக்காது. நான் ஸ்டீயரிங்கைத் தட்டினேன்.

“மீனா, கேட்டியா? சுத்த சாவேரி!”

“முன்னாடி பாரு. வண்டி நகருது.”

“ஸ ரி ம ப த. அஞ்சே ஸ்வரம். ஒண்ணு கூட வெளில போகல. இவங்களுக்கு யாரோ நம்ம ஆள் சொல்லிக் குடுத்திருக்கான்.”

“யாருடா?”

“அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

“எக்ஸிட்டைக் கண்டுபிடி முதல்ல. தாண்டிட்ட.”

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். நம் தமிழ் வானொலி நிகழ்ச்சியிலிருந்து இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறேன். எனக்கு வயது இருபத்தொன்பது. நியூ ஜெர்சியில் வேறு வேலை கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஐந்து வருடம் ஒரு மைக் முன்னால் உட்கார்ந்தவன் போகும்போது ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று மீனா நச்சரிக்கிறாள். மைக்கை எங்கே வைப்பது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது எல்லாம் நீல ஃபைலில் இருக்கிறது. இங்கே ஒரே ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதிலிருந்து நான் என்ன கற்றுக்கொண்டேன் என்பது எனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபட்டால் சொல்லுங்கள்.

அந்தப் பாடகியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உடனே தேடுவீர்கள், அவரைப் பற்றி எழுதியதையெல்லாம் படிப்பீர்கள், பிறகுதான் பாட்டைக் கேட்பீர்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

அப்போது நம் நிலைமை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை காலை எட்டு முதல் ஒன்பது வரை நமக்குக் கிடைத்திருந்த நேரம் தற்காலிகமானது. ஆறு மாதம் பார்ப்பார்கள். அதற்குள் நாம் நடத்திய நிகழ்ச்சிகளில் ஏதாவது ஒன்றை நாமே தேர்ந்தெடுத்து நிலையத்தின் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதை மட்டும் கேட்டு, நேரம் நமக்கா, வரிசையில் காத்திருக்கும் வேறு யாருக்காவதா என்று முடிவு செய்வார்கள். இந்த ஒரு மணி நேரத்தை வாங்க இரண்டு வருடம் திரும்பத் திரும்ப விண்ணப்பம் எழுதியவள் மீனா. நான் மூன்றாவது விண்ணப்பத்தில் ஒட்டிக்கொண்டவன். எனவே போனால் அவளுக்குத்தான் போகும்.

அவளிடம் அனுப்புவதற்கு ஒரு நிகழ்ச்சி தயாராகவே இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் என்ன கேட்கிறீர்கள் என்று நேயர்களிடம் போனில் கேட்டு, அந்தந்தப் பாட்டைப் போட்ட நிகழ்ச்சி. எளிமையானது, நன்றாக இருந்தது. எனக்குத்தான் அது போதவில்லை.

“எல்லாரும் பண்றதுதானே இது,” என்றேன்.

“எல்லாரும் கேக்கறாங்க இல்ல? அது போதாதா உனக்கு?”

போதவில்லை. அந்தப் பாடகி இரண்டு மாதத்தில் ஆஸ்டினுக்குக் கச்சேரிக்கு வருகிறார் என்று கண்டுபிடித்தேன். அவரது ஏற்பாட்டாளருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது. சனிக்கிழமை காலை, நேரலை, முழு மணி நேரமும். மீனா அந்த மின்னஞ்சலை இரண்டு தடவை படித்தாள். பிறகு, “சரி, இதையே அனுப்பலாம். ஆனா சொதப்பின, உன்னை ஃப்ரீவேலயே இறக்கி விட்டுடுவேன்,” என்றாள். வண்டி என்னுடையது என்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

ஆராய்ச்சியில் இறங்கினேன். படித்தவர்களுக்கு இருக்கும் வியாதி இது. அவர் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்னத் துறைமுக ஊரில் பிறந்தவர். பள்ளி நாட்களில் ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில் ஊதியிருக்கிறார். முதல் ஆல்பத்தில் கிதாரும் குரலும் மட்டும். நாட்டுப்புறப் பாடகி என்றார்கள். இரண்டாவதில் முழுக்க மெஷின் தாளம், கிளப்பில் ஆடுகிற மாதிரி. பழைய ரசிகர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதில் அந்தப் பித்தளை வாத்தியக் குழுவையே கூட்டிக்கொண்டு வந்து மெஷின் தாளத்தின் மேல் உட்கார வைத்துவிட்டார். விமர்சகர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் வைத்தார்கள், அடுத்த ஆல்பத்தில் அதை அழித்து வேறு பெயர் வைத்தார்கள். நம் நிலையத்தின் பாட்டுக் கிடங்கில் ஒவ்வொரு பாட்டுக்கும் ‘வகை’ என்று ஒரு கட்டம் உண்டு இல்லையா? ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இவருடைய மூன்று ஆல்பங்களும் மூன்று வகையில் கிடந்தன. இரண்டு பாட்டுகள் தவறுதலாகக் குழந்தைப் பாடல்களில் இருந்தன.

எனக்குக் குழப்பம். ஆனால் என் கையில்தான் சாவி இருக்கிறதே! சுத்த சாவேரி என்கிற சாவியைப் போட்டதும் எல்லாம் திறக்க ஆரம்பித்தது. இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு ஏழு ஏழாக எண்ணுகிறது: மிஸ்ர சாபு. பழைய புகைப்படம் ஒன்றில் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏதோ ஒன்றின் அடிப்பக்கம் உருண்டையாக இருந்தது: வீணை. அவருடைய ஊரில் கறிவேப்பிலை விற்கும் கடை ஒன்று இருந்ததாக யாரோ எழுதியிருந்தார்கள்: ஆசிரியரும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். பெரிய தாளில் படம் வரைந்தேன். நடுவில் அவர். சுற்றிலும் அம்புகள். நாட்டுப்புறம், தேவாலயம், கிளப், பித்தளை வாத்தியம் என்று மெல்லிய அம்புகள் நாலு. தெற்கிலிருந்து வரும் அம்பு மட்டும் தடிமனாக, சிவப்பில்.

சந்தேகம் வரக் கூடாது என்று பாட்டின் கடைசி இருபது விநாடியை வெட்டி நம் நேயர்களின் போன் குழுவில் போட்டேன். நம் ஆட்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் இலை போடும் நேரத்தில்கூட, எங்கேயோ நாதஸ்வரத்தில் நாலு ஸ்வரம் கேட்டால் ராகத்தின் பெயரைச் சொல்லாமல் தண்ணீர் குடிக்க மாட்டோம். அரை மணி நேரத்தில் குழு நிரம்பிவிட்டது. ‘சுத்த சாவேரியேதான்’ என்று பலர். ‘எங்கள் வழியில் இதை தேவக்ரியா என்போம்’ என்று ஒருவர். ‘ஆரபியின் சாயல்’ என்று ஒரு டாக்டர். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும் கணிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட, யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா என்று கேட்கவில்லை.

மீனா கேட்டாள், காரில்.

“அஞ்சு ஸ்வரம் ஊரு உலகத்துல எல்லா இடத்துலயும் இருக்குடா. சைனால இருக்கு, ஸ்காட்லாந்துல இருக்கு. இவங்க ஊரு ஸ்காட்லாந்துக்குப் பக்கம்தான?”

“மிஸ்ர சாபு?”

“அது எனக்குத் தெரியாது. நீ அவங்களைப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு மட்டும் கேளேன்.”

“அது ரொம்ப சாதாரணக் கேள்வி.”

என்னிடம் பதினான்கு கேள்விகள் இருந்தன. எதுவும் சாதாரணமானதில்லை. பதினான்கும் சிவப்பு அம்பிலிருந்து கிளம்பின.

அந்தச் சனிக்கிழமை ஏழே முக்காலுக்கு அவர் தனியாக, கிதாரைத் தூக்கிக்கொண்டு, லேசான ஜலதோஷத்தோடு வந்தார். நாற்பதைத் தொடும் வயது. “உங்க ஊர்ல காலைல எட்டு மணிக்கே இந்த வெயிலா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கிக்கொண்டார். மீனாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்து நிமிடம் தமிழில் அவரைப் பற்றி நான் பேசினேன். பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில் என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“உங்களுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுத்தது யார்?”

“மன்னிக்கணும். என்ன சங்கீதம்?”

நேரலையில் மௌனம் எவ்வளவு நீளம் என்று பிற்பாடு பதிவில் பார்த்தேன்: ஏழு விநாடி. அன்று எனக்கு அது மேற்கு மாம்பலத்தில் பஸ்ஸுக்கு நின்ற மாதிரி இருந்தது. தெற்கு இந்தியாவின் செவ்வியல் இசை என்று விளக்கினேன். அவர் யோசித்துப் பார்த்து, கேட்டதே இல்லை என்றார்.

இந்த இடத்தில் கவனியுங்கள். தப்பு முதல் கேள்வியில் இல்லை. அதை யாரும் கேட்டிருப்பார்கள். தப்பு, நான் அடுத்துச் செய்ததில்தான். என் தாளில் மீதி பதின்மூன்று கேள்விகள் இருந்தன. அத்தனையும் அந்த ஒரு பதிலுக்காகக் காத்திருந்தன. எனக்கு அவற்றைக் கைவிட மனம் வரவில்லை. வேறு மாதிரி கேட்டால் வேறு பதில் வரும் என்று நினைத்தேன்.

“சின்ன வயசுல, உங்களுக்கே தெரியாம, எங்கேயாவது காதுல விழுந்திருக்கலாம் இல்லையா? உங்க ஊர்ல ஒரு கடை...”

“அந்தக் கடைல கிரிக்கெட் கமென்ட்ரிதான் ஓடும்.”

“அந்தப் போட்டோவுல உங்களுக்குப் பின்னாடி ஒரு வீணை...”

“எங்க அப்பா தேனீ வளர்த்தாரு. அது தேனீக்கு வைக்கற வைக்கோல் கூடை.”

மீனா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. “ஆனா அந்த ஐந்து ஸ்வரங்கள்?” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பத்தொன்பது வயசுலேர்ந்து, நான் யார்கிட்டேர்ந்து எடுத்தேன்னு எல்லாரும் எனக்குச் சொல்லிட்டே இருக்காங்க. கிராமத்துப் பாட்டிலேர்ந்துன்னாங்க. அப்புறம் கிளப்காரங்ககிட்டேர்ந்து திருடிட்டேன்னாங்க. இப்ப நீங்க. யாருமே என்னைக் கேக்கறதில்ல. கண்டுபிடிச்சு எடுத்துட்டுதான் வர்றாங்க.”

ஒரு கையால் ஹெட்போனைப் பாதி கழற்றினார். எட்டு இருபது. இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. அவர் எழுந்து போனால் நிகழ்ச்சி போய்விடும், நிகழ்ச்சி போனால் மீனாவின் இரண்டு வருடமும் போய்விடும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. தாளைத்தான் பார்த்தேன். மூன்றாவது கேள்வி ‘தாளத்தில் உங்கள் பயிற்சி’ என்று இருந்தது.

மீனா கையை நீட்டி என் தாளைக் கவிழ்த்து வைத்தாள். அவரிடம், “எங்க ஜனங்க உங்க பாட்டைக் கேட்டு ஒரு வாரமா சண்டை போட்டுட்டு இருக்காங்க. கேக்கறீங்களா?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசி இணைப்பைத் திறந்துவிட்டாள். இதைத் திட்டமிட்டிருக்கவில்லை. யாரோ அழைப்பதைக் காட்டும் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது, அந்த அழைப்பை எடுத்தாள், அவ்வளவுதான்.

பேசியது ஒரு பெண். சுகர் லேண்ட் என்ற ஊரிலிருந்து, இணையத்தில் கேட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போகிறாராம், வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறாராம்.

“தம்பி, நானும் இருபது நிமிஷமா கேட்டுட்டு இருக்கேன். அந்தப் பொண்ணை நீ வாயைத் தொறக்கவே விடலையே?”

“இல்ல ஆன்ட்டி, அது வந்து...”

“அது வந்தாவது போயாவது. அப்புறம், அது சுத்த சாவேரியும் இல்ல. மோகனம்.”

“ஆன்ட்டி, மோகனத்துல வராத ‘ம’ இதுல இருக்கே!”

“எங்க இருக்கு? முதல்லேர்ந்து கேட்டியா நீ? முதல்ல அவ எதுல நிக்கறான்னு அவளையே கேளுப்பா. பாடினவ உன் முன்னாடி உக்காந்திருக்கா!”

வைத்துவிட்டார். பெயர்கூடச் சொல்லவில்லை. ஐந்து வருடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாக வேலை சொல்லிக் கொடுத்ததில்லை.

என்ன சண்டை என்று பாடகி கேட்டார். ஹெட்போன் திரும்பக் காதுக்குப் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மீனா விளக்கினாள். ஐந்து ஸ்வரங்கள் ஒன்றுதான். ஆனால் எந்த ஸ்வரத்தை அடியாக வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எங்களுக்கு ராகம் மாறிவிடும். போனில் வந்தவர் ஒன்றை அடியாக எடுக்கிறார், இவன் இன்னொன்றை. சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டாள்: “நீங்க எதுல நிக்கறீங்க?”

அவர் சிரித்தார். அன்று முதல் தடவை.

“கடவுளே! இதே சண்டைதான் எனக்கும் என் கிதார்காரனுக்கும். ரெண்டு வாரம் பேசல. கடைசில பாட்டை அவன் விருப்பப்படி ஆரம்பிச்சு, என் விருப்பப்படி முடிச்சோம்.”

கிதாரை எடுத்தார். கீழ்த் தந்தி ஒன்றை ஒலிக்கவிட்டு அதன் மேல் அந்த மெட்டை மெதுவாக வாசித்தார். மோகனம். சந்தேகமே இல்லை. பிறகு வேறு ஒரு தந்தியை ஒலிக்கவிட்டு, அதே ஸ்வரங்கள், அதே வரிசை. சுத்த சாவேரி. மீனாவின் கையில் மயிர் சிலிர்த்து நின்றதைப் பார்த்தேன். போன் விளக்குகள் ஐந்தும் எரிந்தன.

நான் காரில் முதன்முதலில் கேட்டது பாட்டின் வாலை மட்டும். அதற்குப் பிறகு நூறு தடவையாவது முழுப் பாட்டையும் கேட்டிருப்பேன். நூறு தடவையும் அந்த வாலைத்தான் கேட்டிருக்கிறேன். நேயர் குழுவுக்கு வெட்டி அனுப்பியதும் அதே வால்.

அப்போது கேட்டேன், தாளைத் திருப்பாமல், மீனா இரண்டு மாதமாகச் சொன்ன அந்தச் சாதாரணக் கேள்வியை. “இந்தப் பாட்டு எப்படி வந்தது?”

பள்ளிக்கூடத்தில் கைமணிகள் இருந்தனவாம். கையில் பிடித்து ஆட்டுகிற மணிகள், ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரம், மொத்தம் எட்டு. இவர் சேர்வதற்குள் மூன்று காணாமல் போயிருந்தன. மீதி ஐந்துதான். புதிது வாங்கித் தரப் பள்ளியில் யாருக்கும் அக்கறையில்லை. இருக்கிற ஐந்தை வைத்துத்தான் அவர் முதன்முதலில் மெட்டுப் போட்டிருக்கிறார். இன்றைக்கும் ஒரு பாட்டில் சிக்கிக்கொண்டால் அந்த ஐந்துக்குத் திரும்பிப் போவாராம். “அப்ப அந்த ஏழு எண்ணிக்கை?” என்று என் வாய் என்னைக் கேட்காமல் கேட்டது. மீனா கண்ணை மூடிக்கொண்டாள். “எட்டு எண்ணணும்னுதான் ஆரம்பிச்சேன். தப்பா எண்ணிட்டேன். நல்லா இருந்துச்சு, விட்டுட்டோம்,” என்றார்.

ஒன்பது மணி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். பதிவை எடுத்து, என் முதல் கேள்வி, ஏழு விநாடி மௌனம், கடை, வீணை எல்லாவற்றையும் வெட்டி, நேராகச் சுகர் லேண்ட் அழைப்புக்குப் போகிற மாதிரி ஒட்டினேன். அழகாக இருந்தது. மீனாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“ஆன்ட்டி எதுக்குத் திட்டறாங்க இதுல?”

“திட்டற இடத்தையும் எடுத்துடலாமா?”

“அந்தப் பாடகி எதுக்குச் சிரிக்கிறாங்க? எதுவுமே புரியல. கோபம் வராம எப்படிச் சிரிப்பு வரும்?”

“மீனா, அதை அனுப்பினா நம்ம நேரம் போயிடும். நான் சொதப்பினது அதுல அப்படியே இருக்கு.”

“நேரம் என்னோடது. ரெண்டு வருஷம் எழுதினது நான். முழுசா அனுப்பு.”

அவள் சரியா, நான் சரியா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது. நிலையத்தின் குழுவில் வேறு மாதிரி ஆட்கள் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். முழுசாக அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. நேரம் உங்களுடையதே. கிடங்கில் உங்கள் நிகழ்ச்சிக்கு ‘வகை’ நிரப்பப்படவில்லை, தயவுசெய்து நிரப்பவும்.

பேச்சா, செவ்வியலா, நாட்டுப்புறமா, சமூகமா? மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டத்தைத் திறந்து பார்ப்பேன், மூடிவிடுவேன். இனி அது உங்கள் பொறுப்பு. அவசரப்பட வேண்டாம்.

கேள்வி தயார் செய்யாமல் போங்கள் என்று சொல்லவில்லை. அப்படியும் ஒரு முறை போய் அசடு வழிந்திருக்கிறேன். அன்று மீனா தாளைக் கவிழ்த்தாளே, அந்த நொடி எப்போது வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை அவளிடமே கேட்டேன். “உன் மூஞ்சியைப் பார்த்தேன், அவ்ளோதான்,” என்றாள். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே யோசனை: தனியாக நேரலை செய்யாதீர்கள். உங்கள் மூஞ்சியைப் பார்க்க ஒரு ஆள் எதிரில் இருக்கட்டும்.

அவருடைய நாலாவது ஆல்பம் போன வாரம் வந்திருக்கிறது. நான் எதுவும் படிக்கவில்லை. நேயர் குழுவில் யாரோ அதைப் பற்றி ஆரம்பித்தார்கள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை சாமான்களை ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சிக்குக் காரிலேயே கிளம்புகிறேன், மூன்று நாள் பயணம். வழியில் அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, ராகத்தின் பெயரை வாயாலும் மனத்தாலும் சொல்லாமல், முழுசாகக் கேட்டு முடிக்க வேண்டும். வேறு பாட்டுகளை வைத்து ரவுண்ட் ராக்குக்குள்ளேயே பதினோரு தடவை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. ஒரு தடவைகூட இரண்டாவது பாட்டைத் தாண்டவில்லை.

“முதல் நாள் தங்கற லிட்டில் ராக் வரைக்கும்கூடத் தாங்க மாட்ட நீ,” என்கிறாள் மீனா.

தாங்கினால் அங்கிருந்து அவளைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.